சபை நிலத்தில் ஒரு குழி

டீ வேணாம் கொத்தனாரே, நீங்க குடிங்க. எனக்கு இன்னிக்கு எதுவும் எறங்காது. காய்ச்சல் கீய்ச்சல் ஒண்ணும் இல்ல, பயப்படாதீங்க. நீங்க பாட்டுக்கு உக்காருங்க. மத்தவங்க எந்திரிச்சு பல்லு வெளக்கி, கிட்டாரத் தட்டி, காலை ஜெபத்துக்கு வட்டமா நிக்க இன்னும் நேரம் கெடக்கு.

நான் கேட்டத இன்னொரு தடவை சொல்றேன். மண்வெட்டி ரெண்டு, கடப்பாரை ஒண்ணு, அப்புறம் உங்க ரெண்டு கை. இன்னிக்கு மத்தியானத்துக்குள்ள ஒரு குழி வெட்டணும். இந்த சபை நிலத்துலயேதான், பின்னாடி மூங்கில் ஓரமா. ஊர்ல ஆளில்லையான்னா? ஊர் பூரா ஆளு. ஆனா ஃப்ராக்சன்ங்கிற இந்தக் கெழவனுக்காக மண்ணைத் தொட இன்னிக்கு ஒருத்தனும் வர மாட்டான். அதான் வேலி ஏறிக் குதிக்காத குறையா விடிஞ்சதும் உங்ககிட்ட வந்து நிக்கிறேன்.

கக்கூஸா? அதானே, உங்க ஆளுங்களுக்கு எங்க ஊர்ல குழின்னாலே கக்கூஸ்தான் ஞாபகத்துக்கு வரும். ஆறு வருஷமா நீங்க வெட்டிக் குடுத்த கக்கூஸ எல்லாம் எங்க ஜனம் ரெண்டு வேளை பேதி கண்டாலும் நெரப்ப முடியாது. சிரிங்க, சிரிங்க. குழின்னு மட்டும் இப்போதைக்கு வச்சுக்குங்க.

எனெலெசியா? தூங்குறா. நான் எழுப்பல. பாத்தீங்களா, கடல் தாண்டி வந்த உங்க கூட்டத்துல என் பொண்டாட்டி எப்படியிருக்கான்னு பேரச் சொல்லிக் கேட்டது நீங்க ஒருத்தர்தான். மத்தவங்களுக்கு அவ ‘மொழிபெயர்ப்பாளரோட மிஸஸ்’. போன வருஷம் அவ காய்ச்சுன இனிப்புக் கூழ முகத்தச் சுளிக்காம மூணு கோப்பை குடிச்சதும் நீங்கதான். அவ அத வருஷம் பூரா சொல்லிச் சொல்லிச் சிரிச்சா. அந்தச் செவத்த மனுசனுக்கு வயிறு என்ன ஆச்சோன்னு.

ஏன் பாஸ்டரக் கேக்காம உங்களக் கேக்குறேன்னா, அதுக்குக் காரணம் இருக்கு. உங்க கூட்டத்துல மண்வெட்டிய மண்வெட்டி மாதிரி புடிக்கிற ஆளு நீங்கதான். மத்ததுங்க எல்லாம் பாட்டுக்காரன் மைக்கப் புடிக்கிற மாதிரில்ல புடிக்குதுங்க! ரெண்டு வெட்டு, ஒரு போட்டோ. உழைக்கிறவன் கைய நான் ஒரு பார்வையில கண்டுபிடிச்சிருவேன். தேயிலைத் தோட்டத்துல கூலிக்காரங்க சங்கம் கட்டி நடத்துனவன் நான். மேனேஜருங்க என் பேரச் சொல்ல மாட்டானுங்க, அந்தக் கெட்ட காத்து வந்துருச்சும்பானுங்க. பெருமைக்குச் சொல்லல. சரி, பெருமைக்குத்தான் சொல்றேன். வேற என்ன மிச்சம் இருக்கு சொல்லிக்க?

படிப்பெல்லாம் நாலாம் வகுப்போட சரி. எனக்கு இங்கிலீஷ் சொல்லிக் குடுத்தது பள்ளிக்கூடம் இல்ல, துண்டு நோட்டீஸு. மொசாம்பிக் எல்லையத் தாண்டி கருவாட்டுக் கூடைக்கு அடியில வரும். உக்காந்து எழுத்து எழுத்தா கூட்டிப் படிச்சேன். இன்னிக்கும் சுரண்டல்னு ஒரு வார்த்தைய வாசிச்சா எனக்கு நெத்திலிக் கருவாட்டு வாசம் வரும். அப்ப இங்க ஒரே கட்சி. கட்சி அட்டை இல்லாம பஸ்ல ஏற முடியாது, சந்தைக்குள்ள போக முடியாது. வயித்துப் புள்ளைக்குக் கூட அட்டை வாங்கச் சொன்னானுங்க, சத்தியமா. வாங்க மாட்டேன்னேன். தூக்கி உள்ள போட்டானுங்க. மன்னிப்புன்னு ஒரு வார்த்தை எழுதிக் குடு, சாயங்காலம் வீட்டுல இருக்கலாம்னானுங்க. எழுதல. என் விரல் நகத்தப் பாருங்க, இந்த மூணும் அப்புறம் மொளச்சது. கோணலாத்தான் மொளைக்கும்.

அப்படிப்பட்டவன் பாஸ்டர் ப்ரெண்ட்டுக்குப் பக்கத்துல நின்னு அல்லேலூயா சொல்றானேன்னு நீங்க நெனைக்கலாம். ஊரே நெனைக்குது. நான் சபைக்காரன் இல்ல கொத்தனாரே. ஞானஸ்நானம் எடுக்கல. நான் வாயி, அவ்வளவுதான். ஆனா நல்ல வாயி. உங்க பாஸ்டர் ஒரு வரி சொன்னா நான் மூணு வரி சொல்றேன், கவனிச்சிருப்பீங்க. சுமை தூக்கிக் களைச்சவங்களே வாங்கன்னு அவரு ஆரம்பிப்பாரு. சுமை தூக்கிக் களைச்சவனப் பத்தி எனக்குச் சொல்லியா குடுக்கணும்? முதுகுல தேயிலைக் கூடை, வயித்துல புள்ளை, எடை போடுறவன் கட்டை விரல் தராசு மேலன்னு நான் எடுத்து விடுவேன். ஜனம் அழும். பாஸ்டர், ஆவியானவர் எறங்கிட்டாருன்னு கண்ண மூடிக்குவாரு. எனக்குச் சிரிப்பா வரும். சில நாள் வராது.

ஏன் வந்தேன்னா, மாத்திரைக்கு வந்தேன்.

எனெலெசிக்கு ரத்தக் கொதிப்பு. கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்கு நடந்து போனா, மாத்திரை வரலம்மா, அடுத்த மாசம் பாருங்கம்பாங்க. அடுத்த மாசம் போனா அதுக்கு அடுத்த மாசம். மொத வருஷம் உங்க நர்ஸ் லோயிஸ் அவ கையில பட்டையச் சுத்தி காத்தடிச்சுப் பாத்துட்டு, இந்தம்மா எப்படி நடமாடுறாங்கன்னு கத்திருச்சு. ஒரு பை நெறைய மாத்திரை. அடுத்த மழை வந்து, அறுவடை முடிஞ்சு, நீங்க திரும்பி வர்ற வரைக்கும் தாங்கும். அன்னிக்கே பாஸ்டர் என் தோள்ல கையப் போட்டு, சகோதரா, வருஷா வருஷம் நீங்கதான் எங்க நாக்குன்னாரு. இதுக்கு அதுன்னு அவரு சொல்லல. சொல்லியிருந்தா நான் பேரம் பேசியிருப்பேன், பேசி ஜெயிச்சிருப்பேன். அவரு அன்பா கேட்டாரு. அன்புக்கு எதிரா எப்படி வேலைநிறுத்தம் பண்றதுன்னு எந்த நோட்டீஸ்லயும் எழுதல.

வந்த எடத்துலயும் நான் சும்மா இருக்கல. எங்க ஊர்க் கொத்தனாருங்க எல்லாம் மரத்தடியில உக்காந்து, உங்க கல்லூரிப் புள்ளைங்க செங்கல் அடுக்குறத வேடிக்கை பாத்துக்கிட்டிருந்தானுங்க. பாவம், அவங்க வேலை. நான் பாஸ்டர்கிட்ட போயி நின்னேன். ஓசியில செய்யிறது தர்மம், சரி, ஆனா அவன் சட்டியில மண்ணு விழுதேன்னேன். உக்காந்து பாக்குறதுக்கே கூலி வாங்கிக் குடுத்தேன். ஆமா, நெசமாத்தான்! ஆலோசகர்னு பேரு போட்டு. உலகத்துலயே செங்கல் கோணலாப் போறதப் பாத்துக்கிட்டிருந்ததுக்குக் கூலி வாங்குன சங்கம் எங்க சங்கந்தான். கபிச்சி அன்னிக்கு என்னைத் தோள்ல தூக்கிக்கிட்டு ஆடுனான்.

கபிச்சிய உங்களுக்குத் தெரியும். நெத்தியில தழும்பு, வாயத் தெறக்காம சிரிப்பான். சங்கத்துல எனக்கு அடுத்தவன், என் கை அது. அவனுக்கு இன்னொரு வேலையும் உண்டு. எங்க ஊர்ல குழி வெட்டுற பசங்களுக்கு அவந்தான் தலைவன். அந்தப் பசங்கன்னா லேசில்ல. சாவு வீட்டுல ஊர்த் தலைவர் கூட அவனுங்களுக்கு அப்புறந்தான் சாப்புடணும். கோழின்னா கோழி, களின்னா களி, கேட்டது வரணும். ரோட்டுல மரக்கிளைய வெட்டிப் போட்டு, போற காரெல்லாம் ஊர்ந்து போக வைப்பானுங்க. ஒரு சாவு விழுந்தா ஊர் வேலை நிக்கும். கொல்லுப் பட்டறையில சுத்தியல் சத்தம் கூடாது, வயல்ல மண்வெட்டி கூடாது. வீட்டுக்கு ஒரு ஆள், ஒரு கட்டு வெறகு, ஒரு பானை தண்ணி. வந்து உக்காரணும். பேச வேணாம், அழ வேணாம், உக்காந்தா போதும். யாரு உக்காரலையோ அவங்க வீட்டுல விழுந்தா அந்தப் பசங்க மண்வெட்டியத் தொடாம உக்காந்துருவாங்க. சண்டை கெடையாது, ஏச்சு கெடையாது. உன் சாவு உன்கிட்டயே இருக்கட்டும்னு விட்டுருவாங்க.

மூட வழக்கம்னு நான் மேடை மேடையா பேசியிருக்கேன். இளவட்டமா இருந்தப்ப. ஒரு எஸ்டேட்டே மூணு நாள் வேலைக்குப் போகாம சாவு வீட்டுல உக்காருறானேன்னு மேனேஜருக்கு எரியிறதும், எனக்கு எரியிறதும் ஒரே நெருப்பா இருந்துச்சு. அப்ப அது எனக்கு ஒறைக்கல.

இப்ப பாருங்க, எங்க ஊர்ல பனி மாசத்துலதான் கெழடு கட்டைங்க போகும். நெஞ்சுச் சளி கட்டும். நீங்க வர்றதும் பனி மாசத்துலதான், உங்களுக்கு லீவு. உங்க ஆளுங்க போட்ட சட்டம் உங்களுக்கே தெரியும். குழு இங்க இருக்குற வரைக்கும் மொழிபெயர்ப்பாளன் இந்த வேலிக்குள்ளயே இருக்கணும், இங்கயே சாப்புடணும், இங்கயே படுக்கணும். பாதுகாப்பாம். வெளிய ஒப்பாரி கேக்கும். நான் உள்ள, ரெண்டு கையையும் செறகு மாதிரி ஆட்டி ஆட்டி, நோவாவோட பேழையில ஒட்டகச்சிவிங்கி ஏறுச்சுன்னு புள்ளைங்களுக்குச் சொல்லிக்கிட்டிருப்பேன். ஜெயில்ல கூட இப்படி இருக்கல நான். அங்க எதுக்கு உள்ள இருக்கேன்னு தெரியும். கம்பிய வச்சவன் யாருன்னும் தெரியும். இங்க கம்பியும் இல்ல, வச்சவனும் இல்ல. எல்லாரும் சிரிச்ச முகம். அதுல எங்க போயி மோதுறது?

ஒரு வருஷம் ஒரு சாவ விட்டேன். இன்னொரு வருஷம் ரெண்டு. ஊரு பொறுத்துச்சு. அண்ணனுக்கு நெலமை அப்படின்னு கபிச்சியே பேசிச் சமாளிச்சான். போன வருஷம் அவன் அம்மாவே போனா.

உங்களுக்கு அந்த நாள் ஞாபகம் இருக்கும். நீங்க புதுச் சபைக் கூரை மேல இருந்தீங்க. ஞாயித்துக்கெழமை பிரதிஷ்டை, திங்கக்கெழமை உங்களுக்கு விமானம், தகரம் பாதி ஏறி நிக்குது. பாஸ்டர் நல்ல மனுசன், விசாரிக்காம இருக்கல. தலைவர் வீட்டுக்கு என்னையும் கூட்டிக்கிட்டுப் போனாரு. ஊர்ல துக்கம், நாங்க வேலையத் தொடரட்டுமான்னு மரியாதையாத்தான் கேட்டாரு. தலைவர் தரையப் பாத்தாரு. விருந்தாளி வேலை விருந்தாளிக்குத் தெரியும்னாரு. எங்க ஊர்ல வந்தவங்க மொகத்துக்கு நேரா இல்லன்னு எவனும் சொல்ல மாட்டான். கழுத்தறுத்தாலும் சொல்ல மாட்டான். தரையப் பாத்துச் சொன்னா அது இல்லதான், பச்சைப் புள்ளைக்கும் தெரியும். நான் என்ன பண்ணேன்? சொன்னத சொன்னபடி இங்கிலீஷ்ல சொன்னேன். ஒரு வார்த்தை கூட்டல, ஒரு வார்த்தை குறைக்கல. ஒரு வரிய மூணு வரியா ஆக்குற இந்த வாயி அன்னிக்குப் பாத்து ஒரு வரிய ஒரு வரியாவே குடுத்துச்சு. பாஸ்டர், நன்றி நன்றின்னு தலைவர் கையப் புடிச்சுக் குலுக்கிட்டு வந்தாரு.

குத்தம்னு நான் ஒத்துக்க மாட்டேன். மாத்திரைப் பை அப்ப லோயிஸ் பெட்டியில இருந்துச்சு. கூரை ஏறலைன்னா அடுத்த வருஷம் வேற ஊருக்குப் போறோம்னு பாஸ்டர் அதுக்கு முந்தின நாள்தான் சாப்பாட்டு மேசையில பேசிக்கிட்டிருந்தாரு, வேற ஊர் இன்னும் ஏழையா இருக்காம். நீங்க என் எடத்துல இருந்தா என்ன பண்ணியிருப்பீங்க? சொல்லுங்க.

ம். டீ ஆறுது, குடிங்க.

அன்னிக்குப் பூரா தகரத்துல சுத்தியல். எங்க பொம்பளைங்க ஒப்பாரி எடுப்பாங்க, டங் டங்னு அது மேல விழும். அவங்க இன்னும் சத்தமா எடுப்பாங்க, நீங்க இன்னும் சத்தமா அடிப்பீங்க. பொணப் பொட்டி இந்த வழியாத்தான் போச்சு. உங்க கூட்டத்துப் பொண்ணுங்க ரெண்டு பேரு வேலிக்கிட்ட நின்னு கையாட்டுனாங்க. ஏதோ திருவிழான்னு நெனச்சுட்டாங்க பாவம். ஒருத்தி பலூன் ஊதி, பொணத்தோட போற புள்ளைங்களுக்கு நீட்டுனா. நான் பாத்துக்கிட்டேதான் நின்னேன். கூரை மேல ஒரே ஒரு ஆளு சுத்தியலக் கீழ வச்சுட்டுத் தொப்பிய எடுத்துச்சு. கபிச்சி அத நிமிந்து பாத்தான். அதுக்கப்புறம் என்னைப் பாத்தான். அவன் பொட்டிய விடவும் இல்ல, நடைய நிறுத்தவும் இல்ல.

அப்புறம் ஒரு வருஷம் எங்க வீட்டுப் பக்கம் யாரும் சண்டைக்கு வரல. வந்திருந்தா நல்லாயிருந்திருக்கும், எனக்குச் சண்டை போடத் தெரியும். வணக்கம் சொன்னா வணக்கம் சொல்வாங்க. சந்தையில தக்காளிய சரியா நிறுத்துத்தான் குடுப்பாங்க. சிரிப்பு மட்டும் மொகத்துல வந்து நின்னுரும், கண்ணுக்கு ஏறாது. எனெலெசி கபிச்சி அம்மா சாவுக்குப் போயித்தான் உக்காந்தா, காலு வீங்கியிருந்தும். பொம்பளைங்க எடம் விட்டாங்க, பேச்சுக் குடுக்கல. கெணத்தடியில இருந்து அவ தனியாத்தான் திரும்பி வருவா. நீ ஊருக்கெல்லாம் சங்கம் வச்சே, எனக்கு ஒரு ஆள் இல்லாம பண்ணிட்டியேன்னு ஒரு நாள் சொன்னா. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னா.

இந்த வருஷம் உங்க வண்டி வந்து நின்னதும் நான் ஒவ்வொருத்தரா எறங்குறதப் பாத்துக்கிட்டு நின்னேன். லோயிஸ் எறங்கல. அவங்க எடத்துல அந்தப் பொம்மலாட்டக்காரப் பொண்ணு எறங்குச்சு. நல்ல பொண்ணு. சிங்கப் பொம்மை நல்லாத்தான் கர்ஜிக்குது. லோயிஸுக்குப் பேரன் பொறந்திருக்காமே? நல்லது. மாத்திரை பத்தி பாஸ்டர்கிட்ட கேட்டேன். அடடா, அது லோயிஸோட சொந்த ஊழியமாச்சேன்னாரு. என் கையப் புடிச்சுக்கிட்டு எனெலெசிக்காக ஜெபம் பண்ணாரு. நீளமா, கண்ணுல தண்ணி வர. அத நானே எனக்கு மொழிபெயர்த்துக்கிட்டேன். பழைய பை காலியாகி அப்பவே ஒரு மாசம் ஆச்சு.

இருங்க, அவசரப்படாதீங்க. சொல்லிக்கிட்டுத்தானே வர்றேன்.

நேத்து சாயங்காலக் கூட்டத்துல நீங்க பின்னாடி ஜெனரேட்டர்கிட்ட நின்னீங்க. கடைசியா கையத் தூக்கச் சொல்ற கட்டம். யாரு யாரு ஏசுவ ஏத்துக்குறீங்கன்னு பாஸ்டர் கேக்க, வழக்கமா தூக்குற ஆளுங்க வழக்கம்போல தூக்கிட்டாங்க. அப்ப வாசல் பக்கமிருந்து ஒருத்தி ஓடி வந்து, ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்கி ஆட்டுனா பாருங்க. ஆட்டு ஆட்டுன்னு ஆட்டுனா. பாஸ்டர் அவளப் பாத்துக் கைய நீட்டுனாரு. உன் கையப் பாத்தேன் சகோதரி, ஆண்டவரும் பாத்துட்டாருன்னாரு. நான் மைக்ல அதையே சொன்னேன். உன் கையப் பாத்துட்டேன் சகோதரி. ஜனம் கை தட்டுச்சு.

அது லெஃபா. எங்க பக்கத்து வீட்டுக்காரி. என்னைக் கூப்பிட வந்தவ.

நான் பாத்தேன் கொத்தனாரே. அவ வாய் என் பேரச் சொல்றது வெளக்கு வெளிச்சத்துல நல்லா தெரிஞ்சுச்சு. மைக்க வச்சுட்டு எறங்கியிருக்கலாம். பாஸ்டர் ரெண்டு வார்த்தை முடிக்கட்டும்னு நெனச்சேன். ரெண்டு வார்த்தை ஒரு ஜெபம் ஆச்சு, ஜெபம் ஒரு பாட்டாச்சு, பாட்டு இன்னொரு தடவை ஆச்சு. லெஃபாவ உங்க ஆளுங்க ரெண்டு பேரு கட்டிப் புடிச்சுக்கிட்டு, புதுசா வந்த ஆத்துமாவ அப்படியே பக்கத்து அறைக்கு அழைச்சுட்டுப் போயி உக்கார வச்சுட்டாங்க. அவளுக்கு அவங்க பாஷை தெரியாது. தெரிஞ்ச ஒரே ஆளு மேடையில.

வீட்டுக்குப் போனேன். கூட்டம் முடிஞ்சு வெளிய விட்டதும் லெஃபா எனக்கு முந்தி ஓடுனா. உள்ள ரேடியோ மட்டும் பாடிக்கிட்டிருந்துச்சு. போய் அத நிறுத்துனேன். ஊர்ல ஒருத்தரும் குரல் எடுக்கல. எடுத்திருந்தா உங்களுக்கே கேட்டிருக்குமே.

கோழி கூவுறதுக்கு முந்தியே கபிச்சி வீட்டுக்குப் போனேன். அவன் முழிச்சுத்தான் இருந்தான். முக்காலி எடுத்துப் போட்டான். மரியாதையில ஒரு கொறையும் இல்ல. அண்ணே, பசங்களுக்கு இன்னிக்குக் கை வலின்னான். என்ன வலிடான்னேன். போன வருஷம் சுத்தியல் சத்தம் கேட்டதுல இருந்து ஒரு வலிண்ணே, போக மாட்டேங்குதுன்னான். அப்புறம், உங்க ஆளுங்கதான் வந்திருக்காங்களே, அவங்க நல்லா தோண்டுவாங்கண்ணே, ஓசியில வேறன்னான். அடிக்கிற மாதிரி இருந்துச்சு. ஆனா அவன் கண்ணு கலங்கியிருந்துச்சு. எங்கிட்ட குனிஞ்சு மெதுவா சொன்னான். ஒண்ணும் வேணாம்ணே. கோழி வேணாம், ஆடு வேணாம். அத்தி மரத்தடிக்கு வா, பசங்க எல்லாரும் வருவானுங்க. நின்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லு. அடுத்த நிமிஷம் மண்வெட்டியோட நான் முன்னால நிக்கிறேன்னான்.

என்ன வார்த்தைன்னு உங்களுக்கே தெரியும்.

சொல்லியிருக்கலாமே, சொல்லியிருக்கலாமேன்னா? சொல்லத்தான் மரத்தடிக்குப் போனேன். பசங்க நின்னானுங்க, தலையக் குனிஞ்சுக்கிட்டு. நான் வளர்த்த பசங்க. வாயத் தெறந்தேன். பேச்சு வந்துருச்சு கொத்தனாரே! செத்தவங்கள வச்சு உசுரோட இருக்குறவன மிரட்டுறதுதான் உங்க நியாயமாடான்னு ஆரம்பிச்சேன். வழக்கம்னா என்ன, அது யாருக்குச் சாதகம்னு கேட்டேன். கையெல்லாம் ஓங்கிட்டேன். எழுபது வயசுல இந்த வாய்க்கு வேற பழக்கம் இல்ல. அவனுங்க கடைசி வரைக்கும் கேட்டானுங்க. ஒருத்தனும் எதிர்த்துப் பேசல. முடிச்சதும் ஒவ்வொருத்தனா மண்வெட்டியத் தோள்ல போட்டுக்கிட்டு வீட்டுக்குப் போயிட்டான். எவ்வளவு கட்டுப்பாடு! தோட்டத்துல ஒரு தடவை கூட இவ்வளவு சுத்தமா ஒரு வேலைநிறுத்தம் நான் நடத்துனதில்ல. ஒரு பய பிரியல. அந்த நேரத்துலயும் எனக்கு ஒரு பெருமை வந்துச்சுன்னு சொன்னா நம்புவீங்களா?

அதான் நெலமை. வேலைநிறுத்தம் நடக்குற எடத்துக்கு வெளியூர்ல இருந்து ஆள் கூட்டிட்டு வர்றவன என்ன பேரு சொல்லித் திட்டியிருக்கேன்னு இந்த ஊரக் கேளுங்க. வர்றவனுக்கும் ஒரு பேரு உண்டு, கருங்காலின்னு. அவன் வீட்டுச் சொவத்துல நானே கரியால எழுதியிருக்கேன். இன்னிக்கு நான்தான் வந்து உங்களக் கூப்பிடுறேன். வந்தா ஊர்ல உங்க பேரு கெட்டுப் போகும், தொப்பிய எடுத்த மனுசன்னு உங்களுக்கு இருக்குற ஒரே நல்ல பேரும் போயிரும். தெரிஞ்சேதான் கேக்குறேன்.

பாஸ்டரா? அவரு ஜெபிச்சுட்டுச் சொல்றேம்பாரு. அப்புறம் தலைமைச் சபைக்குப் போன் போடுவாரு, சபை நிலத்துல இது கூடுமா கூடாதான்னு. வெயில் ஏறிரும். ஊர்ல பொதைக்கிற தோப்பு இனி எனக்கு இல்ல, இங்க விட்டா வேற எடமும் இல்ல. எல்லாரும் அங்க வட்டமா நின்னு கண்ண மூடியிருக்கும்போதே நாம ஆரம்பிச்சுரணும். மேல் மண்ணு மட்டுந்தான் கெட்டி, அப்புறம் செம்மண்ணு, நெகிழ்வா வரும். நானும் வெட்டுவேன். கெழவன்னு பாக்காதீங்க.

என்ன கொத்தனாரே, எந்திரிச்சுட்டீங்க? அந்தக் கடப்பாரை வேணாம், அது வளைஞ்சது. அதோ, அது நல்லாயிருக்கு.

அளவா? ஆமா, நீங்க அளவு கேக்காம கை வைக்க மாட்டீங்க. ஆழம் உங்க நெஞ்சு மட்டம் போதும். அகலம் ரொம்ப வேணாம். நீளம்... அவ ஒண்ணும் அவ்வளவு ஒசரம் இல்ல கொத்தனாரே. எனக்குத் தோள் வரைக்குந்தான் வருவா.